காளஹஸ்தியைக் கடைசியில் வையுங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். அம்பத்தூரிலிருந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் காளஹஸ்தி வருகிறீர்கள். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வலி. ராகு கேது பரிகாரம் செய்யச் சொல்லி ஜோசியர் எழுதிக் கொடுத்திருக்கிறார். உங்களுக்குப் பழைய கோயில், கல்வெட்டு என்றால் ஆர்வம், கையில் இரண்டு நாள் இருக்கிறது. ஆனால் அம்மா, "காளஹஸ்தி போயிட்டு வேற எந்தக் கோயிலுக்கும் போகக்கூடாது, நேரா வீட்டுக்குத்தான் வரணும்" என்கிறார். பரிகாரம் தவிர அங்கே பார்க்க என்ன இருக்கிறது, அம்மாவை எப்படிச் சமாளிப்பது என்பது கேள்வி.

சமாளிக்கவே வேண்டாம். அம்மா சொல்வதைத்தான் இந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்கிறார்கள். காளஹஸ்திக்குப் பிறகு போகக்கூடாது என்றுதானே பேச்சு? அதற்கு முன்னால் போகக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. சென்னைக்காரர்கள் விடியற்காலையில் நேராகக் காளஹஸ்தி வந்து, வரிசையில் நின்று, பரிகாரம் முடித்து, அப்புறம் "வேற எங்கேயும் போக முடியாதே" என்று வருத்தப்பட்டுக்கொண்டே திரும்புகிறார்கள். நீங்கள் பயணத்தைத் திருப்பிப் போடுங்கள். முதல் நாளும் இரண்டாம் நாள் காலையும் ஊர் சுற்றுங்கள். காளத்திநாதரைக் கடைசியில் பார்த்துவிட்டு நேரே வீட்டுக்குப் போங்கள். அம்மாவின் நம்பிக்கைக்கும் பங்கமில்லை, உங்கள் ஆசையும் தீரும்.

நான் பிச்சாட்டூர்க்காரன். தமிழ் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவிக்குப் பிறந்த ஊர் காளஹஸ்தி. எங்கள் வீட்டில் அதைக் காளாஸ்திரி என்றுதான் சொல்வோம். மாமனார் வீட்டுக்குப் போகிற சாக்கில் நாற்பது வருஷமாக அந்த வட்டாரத்தைச் சுற்றியிருக்கிறேன். அதில் தெரிந்துகொண்டது ஒன்றுதான். காளஹஸ்தியைத் தனியாகப் பார்த்தால் ஒரு பெரிய கோயிலும் நீண்ட க்யூவும்தான் தெரியும். அது உட்கார்ந்திருக்கிற ஆற்றோடு சேர்த்துப் பார்த்தால், பல்லவர் காலத்துக்கும் முந்திய காலம் தொடங்கி விஜயநகரம் வரை ஒரே படுகையில் அடுக்கி வைத்திருப்பது புரியும்.

அந்த ஆறு சுவர்ணமுகி. தமிழில் பொன்முகலி. சந்திரகிரிப் பக்கத்து மலைகளில் பிறந்து, திருச்சானூரைத் தொட்டு, காளஹஸ்திக் கோயிலின் மேற்குப் பக்கத்தை உரசிக்கொண்டு போய், நாயுடுபேட்டை தாண்டிக் கடலில் சேர்கிறது. கோயில் கட்டிய கூலியாட்கள் மாலையில் ஆற்றில் குளித்துவிட்டுக் கை நிறைய மணல் அள்ளினால், அவரவர் உழைத்த அளவுக்கு அது பொன்னாக மாறுமாம். பெயருக்கு ஊர் சொல்லும் கதை இது. மணல் பொன்னாகிற அற்புதம் இன்றைக்கும் நடக்கிறது, லாரியில் ஏறிப் போவதுதான் வித்தியாசம். ஆற்றங்கரை ஊர் என்று கேள்விப்பட்டுத் தண்ணீரைத் தேடி வராதீர்கள். வருஷத்தில் பல மாதம் மணலும் கோரையும்தான். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பார்த்தால்தான் ஆறு. 2021 நவம்பரில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவர்கள் இதைச் செத்த ஆறு என்று சொல்லத் துணிய மாட்டார்கள்.

சரி, வழி. செங்குன்றம், ஊத்துக்கோட்டை வழியாக வாருங்கள். எல்லை தாண்டினதும் ஆரணி ஆற்றங்கரையில் சுருட்டப்பள்ளி. ஆலகாலம் உண்ட மயக்கத்தில் அம்பாள் மடியில் தலை வைத்துப் படுத்திருக்கிற சிவன். லிங்கமாகவும் நடராஜராகவுமே பார்த்துப் பழகின கண்ணுக்கு, பெருமாள் மாதிரி சயனத்தில் இருக்கிற ஈசன் புதிதாக இருக்கும். அம்மாவுக்குப் படி ஏறும் தொல்லை இல்லை. பிரதோஷ நாளில் மட்டும் இந்த வழியே வேண்டாம், சென்னையே இங்கே வந்து நிற்கும்.

அடுத்தது நாகலாபுரம். கிருஷ்ணதேவராயர் தன் தாய் நாகலாம்பாள் பெயரில் ஏற்படுத்திய ஊர். வேதநாராயணர் கோயிலில் மூலவர் மத்ஸ்ய அவதாரம், இடுப்புக்குக் கீழே மீன். கோயில் மேற்குப் பார்த்தது. பங்குனி வாக்கில் சில நாள் சாயங்கால வெயில் வாசல்கள் எல்லாவற்றையும் கடந்து மூலவர் மேல் விழும். அந்த நாட்களில் வந்தால் தலைகள்தான் தெரியும், சூரியன் தெரியாது. சாதாரண நாள் காலையில் வந்தால் பிராகாரத்தில் நீங்களும் புறாக்களும் மட்டும்தான். விஜயநகரக் கட்டடம் எப்படி இருக்கும், கோபுர வாசலின் நிலைக்கல் எவ்வளவு உயரம், மதில் எவ்வளவு கனம் என்று நிதானமாகப் பார்த்துக்கொள்ளுங்கள். இதே ராயர் காளஹஸ்தியில் செய்ததை நாளைக்குப் பார்க்கப் போகிறீர்கள்.

பிச்சாட்டூரிலிருந்து கார்வேட்டி நகரம், நாராயணவனம் என்றெல்லாம் உங்களை இழுக்கப் பலர் இருப்பார்கள். நாராயணவனம் பத்மாவதித் தாயார் கல்யாணம் நடந்த ஊர், வழியிலேயே இருக்கிறது, அம்மா ஆசைப்பட்டால் கால் மணி நேரம் நில்லுங்கள். ஆனால் முதல் நாள் மதியத்துக்குள் நீங்கள் குடிமல்லத்தில் இருக்க வேண்டும்.

புத்தூர், ரேணிகுண்டா, பிறகு ஏர்ப்பேடு போகும் பக்கம் பாப்பாநாயுடுபேட்டை. இந்த ஊரை யாரும் நின்று பார்ப்பதில்லை. கண்ணாடி மணி செய்கிற ஊர். உருகின கண்ணாடியை உலையிலிருந்து நீளக் குழாயாக இழுத்து, துண்டு துண்டாக நறுக்கி, மறுபடி சூடுகாட்டி முனை மழுக்குவார்கள். தெலுங்கில் இந்த மணிக்குப் பூசலு என்று பேர். அரிக்கமேட்டில் தோண்டி எடுத்த பொடிமணிகளைப் புதுச்சேரி அருங்காட்சியகத்தில் பார்த்திருப்பீர்கள். அதே இழுப்பு முறை, இரண்டாயிரம் வருஷத்துக்கு அப்புறமும் தொடர்ந்த இடம் இது.

அங்கிருந்து உள்ளே போனால் குடிமல்லம். பரசுராமேஸ்வரர் கோயில். வெளியிலிருந்து பார்த்தால் சாதாரணக் கிராமத்துக் கோயில் மாதிரிதான் இருக்கும். கருவறையின் பின்பக்கம் மட்டும் யானை முதுகு போல வளைந்திருக்கும், தூங்கானை மாடம். தரைமட்டத்துக்குக் கீழே இறங்கி நிற்கிற லிங்கத்தைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிடும். சுமார் 5 அடி உயரம், பளபளவென்று தேய்த்த பழுப்பு நிறக் கல். முன்பக்கத்தில் சிவன் முழு உருவமாக நிற்கிறார். இரண்டே கை. ஒரு கையில் ஆட்டுக்கடா தலைகீழாகத் தொங்குகிறது, இன்னொரு கையில் சின்னக் கலயம், தோளில் மழு. காலடியில் ஒரு குள்ளன், அவன் தோள்மேல் ஏறி நிற்கிறார். பூணூல் இல்லை. பிற்காலத்துச் சிவனிடம் நாம் தேடுகிற அடையாளங்களில் பாதி இதில் கிடையாது. வேட்டைக்குப் போய்த் திரும்பின ஒரு மலைவாசி மாதிரி இருக்கிறார். ஆய்வாளர்களில் பலர் இதைக் கி.மு. 2 அல்லது 1ஆம் நூற்றாண்டு என்கிறார்கள். அப்படியானால் நாட்டில் இன்றும் நிற்கிற மிகப் பழைய லிங்கங்களில் ஒன்று. காலம் பற்றி இன்னும் சண்டை ஓயவில்லை. ஆனால் கோபிநாத ராவ் 1911ல் இதை வெளியுலகத்துக்கு எடுத்துச் சொன்ன பிறகு, இந்தியச் சிற்ப வரலாறு எழுதுகிற எவரும் இந்த ஊரைத் தொடாமல் போனதில்லை.

சுற்றுச் சுவரிலும் கற்பலகைகளிலும் பல்லவர், பாணர், சோழர் காலத்து எழுத்துகள் உண்டு. இப்போதைய கற்கோயில் விக்கிரம சோழன் காலத்துத் திருப்பணி. ஒரு விஷயம் கவனியுங்கள். லிங்கம் கிறிஸ்துவுக்கு முந்தியது, அதைச் சுற்றியிருக்கிற சுவர் பன்னிரண்டாம் நூற்றாண்டு. நடுவில் ஆயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி. அந்த இடைவெளியிலும் யாரோ ஒருவர் இந்தக் கல்லுக்கு விளக்கு ஏற்றிக்கொண்டுதான் இருந்திருப்பார் என்று எனக்குத் தோன்றும்.

நான் முதல் தடவை போனது சித்திரை வெயிலில், மதியம் ஒரு மணிக்கு. கதவு பூட்டியிருந்தது. குருக்கள் சாப்பிடப் போயிருந்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுக் கல்தரையில் நாலு அடி வைத்து, கால் பொசுங்கி, ஓட்டமாக மரத்தடிக்கு வந்தேன். மூன்று மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். ஆகவே பதினொன்றரைக்குள் போய்விடுங்கள், இல்லையென்றால் நாலு மணிக்கு மேல். நீங்கள் ஐந்தரைக்கு அம்பத்தூரில் கிளம்பினால் முன்னது சாத்தியம்.

நேரம் மிச்சமிருந்தால் சந்திரகிரிக் கோட்டை என்று யோசிப்பீர்கள். அது எதிர்த்திசை, திருப்பதி தாண்டிப் போக வேண்டும். ராஜமகால் அழகானது, விஜயநகரத்தாரின் கடைசித் தலைநகரங்களில் ஒன்று. ஆனால் அம்மாவோடு ஒரே நாளில் வேண்டாம். ஏர்ப்பேடு வழியாக நேரே காளஹஸ்தி வந்து ரூம் போடுங்கள். கோயிலிலிருந்து சற்றுத் தள்ளிப் போடுவது நல்லது, இரவு மைக் சத்தம் குறையும். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, பப்பும் கோங்குராவும் நெய்யும் எந்த மெஸ்ஸிலும் கிடைக்கும். அம்மாவுக்குக் காரம் ஆகாதென்றால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். தமிழிலேயே சொல்லலாம், கடைத்தெருவில் பாதிப் பேருக்குத் தமிழ் தெரியும்.

இரண்டாம் நாள் காலை தொண்டமநாடு. ஊரிலிருந்து பத்து கிலோமீட்டருக்குள். இந்த வட்டாரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் எது என்று கேட்டால் இதைத்தான் சொல்வேன், பார்க்க ஒன்றும் பெரிதாக இல்லாவிட்டாலும்.

சோழர் கதை படித்துவிட்டுத் தஞ்சாவூர், பழையாறை, உடையாளூர் என்று அலைகிறவர்களை எனக்கு நிறையத் தெரியும். அவர்களில் பத்தில் ஒருவர்கூட இங்கே வந்ததில்லை. பல்லவன் அபராஜிதனை வென்று தொண்டை நாட்டைச் சோழருக்குச் சேர்த்தவன் முதலாம் ஆதித்தன். காவிரிக் கரையில் கற்றளிகளாக எழுப்பியவன். அவன் செத்தது காவிரிக் கரையில் இல்லை, இந்தப் பொன்முகலிக் கரையில். கல்வெட்டுகள் அவனைத் தொண்டைமானாற்றூர்த் துஞ்சின உடையார் என்கின்றன. ஏறக்குறைய கி.பி. 907. அவன் மகன் முதலாம் பராந்தகன் தகப்பனுக்கு இங்கே பள்ளிப்படை, அதாவது சமாதிக் கோயில், எடுத்தான். கோதண்டராமேச்சரம் என்றும் ஆதித்தேச்சரம் என்றும் அதற்குப் பெயர். கோதண்டராமன் என்பது ஆதித்தனின் பட்டப்பெயர்களில் ஒன்று. இன்றைக்குப் பொக்கசம்பாலெம் என்கிற சிற்றூர்ப் பக்கம் கேட்டுப் போக வேண்டும். "ராமர் கோயில்" என்று கேட்டால் வேறு எங்காவது அனுப்பிவிடுவார்கள். "சிவாலயம்" என்று கேளுங்கள்.

சின்னக் கோயில்தான். பட்டீசுவரத்துப் பக்கம் பஞ்சவன்மாதேவி பள்ளிப்படையைப் பார்த்தவர்களுக்கு இந்த அமைதி பழக்கமாக இருக்கும். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டினவனின் கொள்ளுப்பாட்டனுக்கும் தகப்பன் இவன். ஊரில் யாரையாவது கேட்டால் தொண்டமான் சக்கரவர்த்தி கதையைச் சொல்வார்கள். அது திருமலை ஏழுமலையானுக்குக் கோயில் கட்டின புராண ராஜா. இந்த ஊரின் பெருமாள் கோயிலும் அவன் பேரில்தான் வழங்குகிறது. சோழனின் பெயர் ஊர் வாயில் இல்லை. ஒரு முறை என் பள்ளிக்கூடப் பையன்கள் சிலரைக் கூட்டிப்போனேன். எல்லாம் ஆந்திராவில் பிறந்து தமிழ் மீடியம் படிக்கிற பிள்ளைகள். பழைய எழுத்தை எழுத்துக் கூட்டிப் பார்த்து, "சார், இது 'கோ' சார், அடுத்தது 'ப' சார்" என்று கத்தினார்கள். மாடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "என்னய்யா எழுதியிருக்குது? புதையல் இருக்குற எடமா?" என்று கேட்டார். ராஜாவைப் புதைத்த இடம் என்று தெலுங்கில் சொன்னேன். "அது தெரியாமயா கேக்கறேன், கூட என்ன வெச்சாங்கன்னு எழுதலையா?" என்றார்.

இனி ஊர். கோயிலுக்குள் நுழையும் முன்னால் தெருவில் தனியாக நிற்கிற பெரிய கோபுரத்தின் கீழே கொஞ்சம் நில்லுங்கள். தெலுங்கில் அதைக் காலிகோபுரம் என்பார்கள். அவர்கள் மொழியில் காலி என்றால் காற்று. வாயு ஸ்தலத்துக்குப் பொருத்தமான பெயர். தமிழில் படிக்கிறபோது எனக்கு எப்போதும் உறுத்தும், 2010ல் அது தமிழ் அர்த்தத்திலேயே பலித்தும்விட்டது.

பழைய கோபுரம் கிருஷ்ணதேவராயர் கலிங்கத்துக் கஜபதி அரசர்களை வென்று திரும்பிய பிறகு, 1516ல், நூற்றுக்கால் மண்டபத்தோடு சேர்த்து எழுப்பியது. ஏழு நிலை. கல்யாணமான புதிதில் அதன் கீழே வளையல் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அப்போதே நடுவில் மேலிருந்து கீழாக ஒரு விரிசல் தெரியும். இடி விழுந்தது என்பார்கள், வயசு என்பார்கள். வருஷா வருஷம் விரிசல் அகலமானது. 2010 மே 26ஆம் தேதி இரவு மொத்தமாகச் சரிந்தது. முன்னதாகவே சுற்றுப்புறத்தைக் காலி செய்ய வைத்திருந்தார்கள். மறுநாள் காலை நாங்கள் போனபோது கயிறு கட்டியிருந்தது, கயிற்றுக்கு அந்தப் பக்கம் செங்கல் மலை. சாவு வீட்டில் நிற்பது மாதிரி ஜனம் சத்தமில்லாமல் நின்றது. என் மனைவியின் அக்கா எப்படியோ கயிற்றைத் தாண்டிக் கை நீட்டி ஒரு செங்கல் துண்டை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டார். அது இன்னும் அவர் பூஜை அலமாரியில் குங்குமம் வைக்கப்பட்டு இருக்கிறது. இப்போது நீங்கள் பார்க்கிற கோபுரம் அதே இடத்தில் புதிதாகக் கட்டி 2017ல் கும்பாபிஷேகம் ஆனது. நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இதைக் காட்டி "ஐநூறு வருஷக் கோபுரம்" என்று யாராவது சொன்னால் தலையாட்டாதீர்கள்.

கோயில் மேற்குப் பார்த்தது. மூவரும் பாடிய திருக்காளத்தி இது. ஸ்ரீ சிலந்தி, காளம் பாம்பு, ஹஸ்தி யானை, மூன்றும் பூஜித்த கதை உங்கள் அம்மாவுக்குத் தெரிந்திருக்கும். லிங்கத்தை அர்ச்சகர்களும் கையால் தொடுவதில்லை. கருவறைக்குள் காற்றுப் புக வழியில்லாத இடத்தில் ஒரு விளக்கு ஆடிக்கொண்டே இருக்கும், வாயு லிங்கம் என்பதற்கு அதைக் காட்டுவார்கள். இந்தக் கோயிலில் கிரகண நேரத்திலும் நடை சாத்துவதில்லை. தாயார் ஞானப்பிரசூனாம்பிகை, பழைய தமிழில் ஞானப்பூங்கோதை. எனக்கு இந்தப் பெயர் பிடிக்கும்.

முதலாம் ராஜேந்திரன், குலோத்துங்கர்கள், பிறகு யாதவராயர்கள் என்று கல்வெட்டுகள் கிடைக்கின்றன. சோழர் காலத்தவை பெரும்பாலும் தமிழில்தான். ஜயங்கொண்ட சோழ மண்டலத்துத் திருக்காளத்தி என்று எழுதியிருப்பதைப் பார்க்கலாம். நிறைய இடத்தில் விளக்குத் தானம். சோழர் காலத்தில் அணையாமல் எரிகிற ஒரு நந்தா விளக்குக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடு கொடுப்பார்கள். அவை சாவா மூவாப் பேராடு. குட்டி போட்டுக் குட்டி போட்டு எண்ணிக்கை குறையாமல் இருக்கும், நெய் நிற்காமல் வரும். காற்று ஆட்டுகிற விளக்குக்கு ஆட்டு மந்தையைக் காவல் வைத்த கணக்கு. பெரிய கோயிலை ஒட்டியே மணிகண்டேஸ்வரர் கோயில் ஒன்று உண்டு, கல்வெட்டில் திருமணிக்கெங்கை உடையார். அங்கே கூட்டம் இருக்காது. ஆனால் முழுக் கோயிலும் சோழர் கட்டியது அப்படியே நிற்கிறது என்று எண்ண வேண்டாம். 1912ல் தேவகோட்டை நகரத்தார் பெரும்பொருள் செலவிட்டுத் திருப்பணி செய்தார்கள். அவர்கள் கை பட்ட கல் வழவழப்பிலேயே தெரிந்துவிடும்.

பாதாள விநாயகருக்கு அம்மாவை இறக்காதீர்கள். நிலத்துக்கு அடியில் 30 அடிக்கு மேல் ஆழம், ஒருவர் ஏறினால் இன்னொருவர் ஒதுங்க இடமில்லாத படி, மூச்சு முட்டும். ஆற்றின் மட்டத்துக்குச் சரியாக இறங்குகிறது என்பார்கள். நீங்கள் இறங்குங்கள், அம்மா மேலே உட்கார்ந்து ஸ்தோத்திரம் சொல்லட்டும்.

பின்னாலிருக்கிற மலையில் கண்ணப்பர் கோயில். காலையிலேயே ஏறிவிடுங்கள், இதற்கும் அம்மா வேண்டாம். கண்ணப்பரின் இயற்பெயர் திண்ணன், பிறந்தது பொத்தப்பி நாட்டு உடுப்பூர். பொத்தப்பி என்ற ஊர் ராஜம்பேட்டைப் பக்கம் இன்றும் இருக்கிறது. எங்களுக்கு அவர் நாயன்மார், தெலுங்கர்களுக்குத் தின்னடு. என் மச்சான் தெலுங்கு மீடியம் படித்தவன். "கண்ணைக் கொடுத்தவன் எங்க ஆளு, பாட்டு எழுதினவங்க உங்க ஆளு" என்பான். அவன் சொல்வதில் தப்பில்லை. அவர்களுக்கும் பாட்டு உண்டு. இதே ஊர் ஈசன் மேல் சதகம் பாடிய தூர்ஜடி, கிருஷ்ணதேவராயர் சபையின் அஷ்டதிக்கஜங்கள் என்ற எட்டுப் புலவர்களில் ஒருவர். மலை மேலிருந்து பார்த்தால் புதுக் கோபுரம், வெள்ளையாக மணல் ஆறு, அதற்கப்பால் சிவப்பு வயல் எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். காணும் பொங்கலுக்கு முந்தின நாள், இங்கே கனுமா என்பார்கள், சுவாமியே மலையைச் சுற்றி வருவார். சிவராத்திரி பிரம்மோற்சவத்திலும் ஒரு முறை.

ஒரு சின்ன விஷயம், சென்னைக்காரர் என்பதால் சொல்கிறேன். 1639ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கடற்கரை மணல்திட்டைக் கொடுத்த தாமர்லா நாயக்கர்களின் வம்சம்தான் பிற்பாடு காளஹஸ்தி ஜமீன். அவர்கள் தகப்பன் சென்னப்ப நாயக்கர் பெயரில்தான் சென்னப்பட்டணம். உங்கள் ஊரின் பெயர் இந்த ஊர்க் குடும்பத்திலிருந்து போனது. 1953ல் ஆந்திரா பிரிந்தபோதும், 1960ல் திருத்தணி தமிழ்நாட்டுக்குத் திரும்பியபோதும் காளஹஸ்தி இந்தப் பக்கமே நின்றுவிட்டது. அதில் எனக்கு வருத்தம் உண்டா என்று பலர் கேட்பார்கள். மாமனார் வீட்டில் அந்தப் பேச்சை எடுத்ததில்லை.

மலை இறங்கினதும் கலம்காரி, துணியில் சாயத்தால் வரைகிற சித்திரம். இதற்கு இரண்டு மணி நேரமாவது ஒதுக்குங்கள். கடைக்குப் போகாமல் வரைகிற வீட்டுக்குப் போங்கள், விசாரித்தால் காட்டுவார்கள். மசூலிப்பட்டணத்தில் அச்சுக்கட்டையால் குத்துவார்கள். இங்கே முழுக்கக் கை. காடாத் துணியை அலசி, கடுக்காய்த் தூளும் பாலும் கலந்த நீரில் ஊறப்போட்டு வெயிலில் காய வைப்பார்கள். பால் இல்லையென்றால் மை துணியில் பரவிவிடும். புளியங்குச்சியைக் கரியாக்கிக் கோடு இழுப்பார்கள். அப்புறம் கலம். கூர்சீவின மூங்கில் குச்சி, நடுவில் கம்பளித் துணி சுற்றி நூலால் கட்டியது. அந்தச் சுற்று மையைக் குடித்து வைத்துக்கொள்ளும், விரலால் எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவுதான் இறங்கும். கறுப்பு மைக்குக் கசிமி என்று பேர். துருப்பிடித்த இரும்பும் வெல்லமும் தண்ணீரில் வாரக்கணக்கில் புளிக்க வேண்டும். கலம் தொட்ட இடத்தில் முதலில் மங்கலாகத்தான் தெரியும், கடுக்காயோடு சேரச் சேரக் கண் முன்னாலேயே கறுக்கும். சிவப்பு வேண்டிய இடத்தில் படிகாரத் தண்ணீரைப் பூசிவிட்டு, வேர்ச்சாயத்தில் துணியைக் கொதிக்க வைப்பார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவக்கும். மஞ்சளுக்குக் கடுக்காய்ப் பூ, நீலத்துக்கு அவுரி. ஒவ்வொரு சாயத்துக்குப் பிறகும் அலச வேண்டும், அதுவும் ஓடுகிற தண்ணீரில். நின்ற தண்ணீரில் அலசினால் விட்டுப்போன சாயம் மறுபடி துணியில் ஏறும். ஆறு இருந்ததால்தான் இந்தத் தொழில் இந்த ஊரில் நிலைத்தது. இப்போது ஆறு வறண்டதால் தண்ணீரைத் தேடித் துணியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார்கள்.

நம் ஊர் சிக்கல்நாயக்கன்பேட்டையில் தொம்பை, தேர்ச்சீலை வரைகிறவர்கள் செய்வதற்கு இது சகோதர வேலை. போன நூற்றாண்டின் நடுவில் இங்கே கிட்டத்தட்ட நின்றே போய், 1957ல் பயிற்சி மையம் வைத்த பிறகுதான் மூச்சு விட்டது. இந்த ஊர் குரப்ப செட்டிக்கு 2008ல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். வாங்குகிறபோது ஒன்று பாருங்கள். ஒரே மயில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி கண் விழித்தால் அது அச்சு. கையால் போட்டதில் பத்து மயிலுக்குப் பத்து மூஞ்சி. புதுத் துணியில் லேசாகப் புளித்த பால் வாடை அடிக்கும், அதைக் குறை என்று விலை குறைக்கப் பார்க்காதீர்கள்.

கடைசியாகப் பரிகாரம். சீட்டுகள் பல விலையில் இருக்கின்றன. விலை ஏற ஏற உட்கார வைக்கிற மண்டபம் சந்நிதிக்கு நெருங்கும், செய்கிற பூஜை ஒன்றுதான். கோயில் கவுன்டரில் மட்டும் வாங்குங்கள். வாசலில் "அண்ணா, சென்னையா?" என்று தமிழில் கூப்பிடுகிறவரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள். என் உறவுக்காரர் ஒருவரே அப்படிப் போய், சீட்டு விலை போல நாலு மடங்கு அழுதுவிட்டு வந்தார். நாகப் படமும் பூஜைச் சாமானும் சீட்டோடேயே கொடுத்துவிடுவார்கள், வெளியே வாங்க வேண்டியதில்லை. பகல் முழுக்கப் பூஜை நடக்கும். ராகு காலத்தில்தான் வேண்டும் என்று அம்மா சொன்னால் நாளைப் பார்த்து வாருங்கள். ஞாயிறு 4.30 முதல் 6 மணி, நேரம் நமக்குத் தோது, கூட்டம்தான் தாங்காது. லீவு கிடைத்தால் திங்கள் கிளம்பி, செவ்வாய் 3 முதல் 4.30 ராகு காலத்தில் உட்காருங்கள். பூஜை முடிந்து தரிசனம் பார்த்து வெளியே வர ஆறாகிவிடும். அம்மா தரையில் சம்மணம் போட முடியாது என்றால் அங்கிருக்கிற ஊழியரிடம் முன்னாலேயே சொல்லி ஓரத்தில் இடம் கேளுங்கள்.

திரும்பும்போது பிச்சாட்டூர் வழி வேண்டாம், இருட்டில் அந்த ரோடு சரியில்லை. வரதையபாளையம் வழியாகத் தடா வந்து நெடுஞ்சாலையைப் பிடியுங்கள். வரதையபாளையத்தில் டீ நன்றாக இருக்கும். நேரே வீட்டுக்குத்தானே போக வேண்டும், நடுவில் டீ குடிக்கலாமா என்று நானும் ஒரு முறை அந்தச் செங்கல் அக்காவிடம் கேட்டிருக்கிறேன். "டீக்கடை கோயிலா? வண்டிய நிறுத்து, எனக்குச் சர்க்கரை கம்மியா சொல்லு" என்றார்.